காப்பீடு இருந்தும் கைக்காசு போகிறதே, எந்தச் சீர்திருத்தம்தான் மருத்துவச் செலவைக் குறைத்திருக்கிறது?

இரவுப்பணி ஆள்

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பில்லில்தான்.

காப்பீடு இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் சேர்த்தோம். டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணிக்கு டாக்டர் போகலாம் என்றார். கிளெய்ம் முடிந்து வாசலைத் தாண்டும்போது இரவு எட்டு. கையில் பதினோரு பக்க பில். கையுறை மட்டும் 62 ஜோடி. ‘நோயாளி உதவிக் கட்டணம்’ என்று ஒரு வரி இருந்தது. அது என்ன உதவி என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் நான்காவது ஆளைக் கைகாட்டினார்கள். காப்பீட்டு நிறுவனம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ‘இதெல்லாம் எங்கள் கணக்கில் வராது’ என்று அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் செலவு நிற்கவில்லை.

வேலை இடத்தில் இதைச் சொன்னால் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். காப்பீட்டுத் தொகையைக் கூட்டினால் போதும் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் அரசே நடத்த வேண்டும் என்கிறார் இன்னொருவர். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எந்த ஊரிலாவது கொள்கையை மாற்றி, வீட்டுக்காரன் கையிலிருந்து போகும் பணம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? எப்படிக் குறைந்தது? கட்சி அரசியல் வேண்டாம், அது எனக்கு வேலை இடத்திலேயே போதுமான அளவு கிடைக்கிறது.

வரி கட்டுபவன்

இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. எல்லா ஆஸ்பத்திரியும் விலைப்பட்டியலை வெளியிட வேண்டும். அநியாய விலை வைக்கும் பொருளுக்கு உச்சவிலை போட வேண்டும். மீதியைப் போட்டி பார்த்துக்கொள்ளும். இலவசம் என்று ஆரம்பித்தால் தும்மினவனெல்லாம் வரிசையில் நிற்பான், அதற்கு நான் வரி கட்ட வேண்டும்.

பழைய பில் கவுண்டர்

இருபத்திரண்டு வருடம் பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். இரண்டு ஆஸ்பத்திரிகள், பெயர் வேண்டாம். இரவுப்பணி தம்பி, உங்கள் 62 ஜோடி கையுறையைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். அதை யாரும் எண்ணிப் போடுவதில்லை. ஐசியு படுக்கை என்றால் நாளுக்கு இத்தனை என்று கணினியில் தானாக ஏறிவிடும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில், இறந்துபோன ஒருவர் கணக்கில் மறுநாளைக்கும் கையுறை ஏறியிருந்தது. அவருடைய மகன்தான் கண்டுபிடித்தார். அன்று நான் முகத்தை எங்கே வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். இருக்கிற ரசீதையெல்லாம் மூன்று கட்டாகப் பிரியுங்கள்: ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன், உள்ளே இருந்தபோது, வெளியே வந்த பிறகு. எது பெரிய கட்டு என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். நீங்கள் நினைப்பது இரண்டாவதாக இருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கவுண்டருக்குள் இருந்து பார்த்தால் ஒரு விஷயம் கண்ணாடி போலத் தெரியும். நோய் வந்த பிறகு பணம் கேட்டால், மனிதர்கள் இரண்டில் ஒன்றுதான் செய்வார்கள். கடன் வாங்கியாவது கட்டுவார்கள், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவார்கள். பேரம் என்பது அங்கே கிடையாது. மோதிரத்தைக் கழற்றிக் கவுண்டரில் வைத்த ஒரு பெண்ணிடம் ‘அம்மா, இங்கே அதெல்லாம் வாங்க மாட்டோம்’ என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் போய் நியாயமான விலை எது என்று விவாதிக்க முடியுமா? ஆகவே விலையை நோயாளி பேசக் கூடாது. நோய் வராத நாளில், லட்சக்கணக்கான பேர் சார்பாக ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். பணமும் அன்றே, எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக, வரியாகவோ சந்தாவாகவோ வாங்கப்பட்டிருக்க வேண்டும். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேராகக் கையிலிருந்து கொடுப்பது 15 முதல் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான், வைத்தியத்தால் ஆண்டியாகும் குடும்பங்கள் அரிதாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010 அறிக்கையில் சொன்னது. படித்தபோது என் கவுண்டர் வரிசைதான் கண்ணில் வந்தது.

செய்து காட்டிய நாடு எது என்றால் நான் தாய்லாந்தைத்தான் சொல்வேன். பணக்கார ஐரோப்பிய நாட்டைச் சொன்னால் ‘அவர்களிடம் பணம் இருக்கிறது’ என்று பேச்சு முடிந்துவிடும். தாய்லாந்து 1997இல் பொருளாதாரம் சரிந்து அடி வாங்கியிருந்த நாடு. அரசு ஊழியருக்கும் கம்பெனித் தொழிலாளிக்கும் அங்கே ஏற்கெனவே திட்டம் இருந்தது. விவசாயி, கூலியாள், தெருவில் விற்பவர் ஆகியோரில் பலர் வெளியே நின்றார்கள். இவர்களிடம் மாதாமாதம் சந்தா வசூலிக்கக் கிளம்பினால் அந்த வசூலுக்கே ஒரு துறை வேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்று பொது வரியிலிருந்து எடுத்தார்கள். 2001இல் சில மாகாணங்களில் ஆரம்பித்து 2002இல் நாடு முழுக்க. ஒரு முறை போனால் அவர்கள் பணத்தில் 30 பாத், அவ்வளவுதான். இதற்குப் பின்னால் பல வருடம் உழைத்தவர் சங்குவன் நித்தயாரம்போங் என்ற மருத்துவர். கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

எல்லோரும் அந்த 30 பாத்தைப் பற்றியே பேசுவார்கள். என்னைக் கேட்டால் சூட்சுமம் அதில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பணம் எப்படிக் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. வெளிநோயாளிக்கு, வந்து பார்த்த தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கவில்லை. அந்தப் பகுதியில் பதிவான தலைக்கு இவ்வளவு என்று வருட ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டார்கள். ஆயிரம் பேர் பதிவு என்றால் ஆயிரம் பேருக்கான பணம், வந்தாலும் வராவிட்டாலும். அப்படியானால் ஒரு சர்க்கரை நோயாளிக்குக் கால் புண்ணாகாமல் பார்த்துக்கொள்வது ஆஸ்பத்திரிக்கே லாபம். நான் இருந்த இடத்தில் நேர்மாறு. கால் புண்ணானால்தான் எங்களுக்கு வருமானம். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை, கணக்கு அப்படி அமைந்திருந்தது.

இன்னொன்று, 1970களிலிருந்தே தாய்லாந்து மாவட்ட ஆஸ்பத்திரிகளைக் கட்டிக்கொண்டும் புதிதாகப் படித்து வரும் டாக்டர்களை அங்கே அனுப்பிக்கொண்டும் இருந்தது. திட்டத்துக்கான அட்டை கொடுத்த அன்று, அதைக் கொண்டுபோய் நீட்ட ஒரு கட்டடமும் ஆளும் இருந்தார்கள். அட்டையை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் அது பர்ஸில்தான் இருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பணம் போதவில்லை என்று ஆஸ்பத்திரிகள் இன்றுவரை முணுமுணுக்கின்றன. டயாலிசிஸ் ஆரம்பத்தில் சேர்க்கப்படவில்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் அதுவரை சொத்தை விற்றார்கள், இல்லையேல் செத்தார்கள். 2008இல்தான் உள்ளே கொண்டுவந்தார்கள், அதுவும் வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி முறையை முதலில் வைத்து.

உள்நோயாளிக்கு வேறு கணக்கு. ஊசி, பஞ்சு, கையுறை என்று வரிவரியாக வாங்காமல், ‘இந்த நோய், இந்த சிகிச்சை, இதற்கு மொத்தம் இவ்வளவு’ என்று ஒரே தொகை. இந்த வகைப்பாட்டை 1970களில் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்சன் என்ற இருவர் உருவாக்கினார்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் 1983இல் இதற்கு மாறியதும் நோயாளிகள் படுக்கையில் இருக்கும் நாட்கள் குறைந்தன. கையுறையை 62 ஆகக் காட்டினாலும் 6 ஆகக் காட்டினாலும் தொகை மாறாது என்றால் யார் 62 போடுவார்கள்?

ஆனால் இதிலும் ஓட்டை உண்டு, நானே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்களுக்கு இந்த ஒரே தொகை முறை, அதாவது பேக்கேஜ், வந்த மறு மாதம் ஒரு மீட்டிங். எந்த நோய்க்கான குறியீடு போட்டால் எவ்வளவு வரும் என்று ஒருவர் திரையில் காட்டினார். அதற்குப் பிறகு எங்கள் கோப்புகளில் ‘சிக்கல்களுடன்’ என்ற சொல் காளான் மாதிரி முளைத்தது. சாதாரணக் குடல்வால் அறுவைகூட சிக்கலுடன்தான் நடந்தது. இன்னொரு பக்கம், இரண்டு நாள் இருக்க வேண்டியவரை ஒரே நாளில் அனுப்பிவிடுவது. ஆகவே பேக்கேஜ் போட்டால் மட்டும் போதாது, கோப்பைப் பிரித்துப் பார்க்க வெளியிலிருந்து ஆள் வர வேண்டும், வருவார் என்ற பயமும் இருக்க வேண்டும். எங்களிடம் வந்தவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

வரி கட்டுபவன்

நீண்ட பதிலுக்கு நன்றி. ஆனால் நான் கேட்டதற்குப் பதில் இல்லையே. இலவசம் என்றால் தேவையில்லாமல் வருவார்கள் என்பது உண்மையா பொய்யா? உச்சவிலையில் என்ன தப்பு?

பழைய பில் கவுண்டர்

உண்மையும் பொய்யும் கலந்தது. இதை ஒருவர் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970களில் ஆரம்பித்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், சிலருக்குக் கால் பங்கு, பாதி, கிட்டத்தட்ட முழுவதும் கையிலிருந்து என்று சில வருடம் நடத்தியது. பணம் கட்ட வேண்டியவர்கள் குறைவாகத்தான் வந்தார்கள், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவர்கள் தேவையற்ற வைத்தியத்தை மட்டும் விட்டுவிடவில்லை, தேவையானதையும் சேர்த்தே விட்டார்கள். எது தேவை என்று சாதாரண மனிதனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் அவனே டாக்டர். சராசரி ஆளுக்கு உடல்நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏழையாகவும் ரத்தக் கொதிப்போடும் இருந்தவர்களில், இலவசம் கிடைத்தவர்களுக்குத்தான் கொதிப்பு நன்றாகக் கட்டுப்பட்டது.

அதனால் சின்னத் தொகை வாங்குவதில் எனக்கு விரோதம் இல்லை. நாள்பட்ட நோய்க்கும் ஏழைக்கும் மட்டும் வாங்காதீர்கள் என்கிறேன். மாத்திரையை மிச்சம் பிடிப்பவர் பிறகு ஐசியுவில் வருவார். அந்த பில் உங்கள் வரியில்தான் வரும்.

விலைப்பட்டியலா? அமெரிக்காவில் 2021 முதல் ஆஸ்பத்திரிகள் வெளியிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. திட்டமிட்டுச் செய்யும் கண்புரை அறுவைக்கு அது உதவலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர் பட்டியலைப் புரட்டி, அடுத்த ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

உச்சவிலை நல்லதுதான், ஆனால் ஒற்றைப் பொருளுக்குப் போட்டால் போதாது. எங்கள் இடத்தில் ஒரு கருவிக்கு உச்சவிலை வந்தது. அந்த வாரமே அறுவை அரங்கக் கட்டணம் உயர்ந்தது. பழைய மொத்தமும் புதிய மொத்தமும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஜப்பானைப் பாருங்கள். அங்கே எல்லா சிகிச்சைக்கும் நாடு முழுக்க ஒரே கட்டணப் புத்தகம், தனியார் ஆஸ்பத்திரிக்கும் அதுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திருத்துகிறார்கள். ஏதாவது ஒன்று திடீரென்று அதிகம் எழுதப்பட்டால் அதன் கட்டணத்தில் கை வைப்பார்கள். 2002இல் எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்கு அப்படித்தான் வெட்டு விழுந்தது. விளைவாக, மலிவாக ஓடும் சின்ன எம்.ஆர்.ஐ இயந்திரங்களுக்கு அங்கே சந்தை வந்தது.

இரவுப்பணி ஆள்

அக்கா, நீங்கள் சொன்னபடி மூன்று கட்டாகப் பிரித்தேன். காப்பீடு கொடுத்ததைக் கழித்துவிட்டு, எங்கள் கையிலிருந்து போனதை மட்டும் கணக்குப் பார்த்தேன்.

முதல் கட்டு சின்னது, ஆனால் எரிச்சலானது. ஒரே ஈ.சி.ஜி, ஒரே ரத்தப் பரிசோதனை, மூன்று இடத்தில் மூன்று முறை. இரண்டாவது நான் முதலில் புலம்பியது. மூன்றாவதைப் பார்த்துத்தான் திகைத்துவிட்டேன். டிஸ்சார்ஜ் ஆகி ஏழு மாதம் ஆகிறது. மாத்திரை, பரிசோதனை, டாக்டர் கட்டணம் எல்லாம் சேர்ந்து இரண்டாவது கட்டைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் செலவு என்றே தோன்றவில்லை. இது எங்கள் காப்பீட்டில் வராது. அப்பா ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும்.

மாத்திரை டப்பா

மருந்தாளுநர் நான். மூன்றாவது கட்டு என் பேட்டை, அதனால் உள்ளே வருகிறேன்.

இதய நோயாளி வழக்கமாகச் சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைப்பது), குளோபிடோக்ரெல் (ரத்தம் உறையாமல் தடுப்பது) போன்றவற்றின் மூலக் காப்புரிமை முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. தயாரிக்க ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். பிறகு ஏன் விலை? டாக்டர் மூலப்பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, எழுதாமல் கம்பெனி வைத்த பிராண்ட் பெயரை எழுதுகிறார். கடைக்காரருக்கு லாபம் சதவீதக் கணக்கில். விலை அதிகமான டப்பாவை விற்றால் அவருக்கும் அதிகம். என் கடைசி முதலாளி மலிவான டப்பாக்களைக் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்வார், குனிந்து எடுக்கச் சோம்பல் படுவோம் என்று. அப்படித்தான் பட்டோம்.

இங்கிலாந்தில் எழுதப்படும் மருந்துகளில் ஐந்தில் நான்குக்கு மேல் மூலப்பெயரில்தான் எழுதப்படுகின்றன. மருத்துவ மாணவராக இருக்கும்போதே அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. மருந்தாளுநருக்கும் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் இவ்வளவு என்று நிலையான கட்டணம் உண்டு. அப்போது மேல்தட்டு கீழ்த்தட்டு வித்தியாசம் குறைகிறது.

மொத்தமாக வாங்குவதும் பெரிய ஆயுதம். இலங்கையில் சேனக பிபிலே என்ற மருந்தியல் பேராசிரியர் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை அமைக்க வைத்து, நாட்டுக்கு வேண்டிய மருந்தை மூலப்பெயரில், ஒரே கையால், டெண்டர் விட்டு வாங்கச் செய்தார். பன்னாட்டு நிறுவனங்கள் கொடுத்த நெருக்கடி கொஞ்சநஞ்சமல்ல. உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதன்முதலில் வெளியிட்டது 1977இல்தான். வங்கதேசம் 1982இல் மருத்துவர் ஜஃப்ருல்லா சௌத்ரி போன்றவர்கள் பின்னால் நிற்க, பயனற்றவை, தீங்கானவை என்று சுமார் 1,700 மருந்துத் தயாரிப்புகளை விலக்கியது. தமிழ்நாடு 1994இல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்க மருத்துவப் பணிகள் கழகத்தை ஆரம்பித்தபோதும் இதே வழிதான்: பட்டியலைச் சுருக்கு, சேர்த்து வாங்கு, வந்து இறங்கும் ஒவ்வொரு மருந்துத் தொகுதியிலும் (பேட்ச்) மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பு.

அந்தக் கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ‘மலிவு மாத்திரை கேட்காது’ என்று நோயாளிகள் என்னிடம் சொல்லும்போது நான் சிரிப்பதில்லை. சோதனை ஒழுங்காக நடக்காத இடத்தில் அந்தப் பயம் நியாயமானது. பணத்தை ஆய்வகத்தில் செலவு செய்யாமல் மூலப்பெயர் சட்டம் மட்டும் போட்டால், மக்கள் மறுபடி பிராண்டுக்குத்தான் ஓடுவார்கள்.

பழைய பில் கவுண்டர்

மூன்றாவது கட்டு பெரிதாக வரும் என்று தெரியும் தம்பி. எல்லோருக்கும் அப்படித்தான் வருகிறது. படுத்தால்தான் பணம் என்ற காப்பீட்டின் லட்சணம் அது. ‘ஒரு நாள் அட்மிட் ஆனதாகக் காட்டிவிடுங்களேன், ஸ்கேன் கிளெய்மில் போய்விடும்’ என்று வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்பார்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. திட்டமே அவர்களைப் படுக்கச் சொல்கிறது.

மருந்தை விட்டுவிட்டு மற்றதை இலவசமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உகாண்டா இருக்கிறது. 2001இல் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்தார்கள். ஏழைகள் வருவது நன்றாகக் கூடியது, அது பெரிய விஷயம். ஆனால் வைத்தியச் செலவால் நொடிந்துபோகும் ஏழைக் குடும்பங்களின் பங்கு குறையவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துபோய் வெளியே வாங்க வேண்டியிருந்ததுதான் முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் கருதினார்கள். டாக்டர் இலவசம், சீட்டு இலவசம், சீட்டில் எழுதியது மட்டும் காசு.

அதனால் உங்கள் வேலை இடத்து நண்பரிடம் காப்பீட்டுத் தொகையைக் கூட்டும் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தொகையைக் கூட்டினால் இரண்டாவது கட்டுதான் இன்னும் பருக்கும். நான் இருந்த கவுண்டரில் காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் எஸ்டிமேட் போடுவோம். வெளிநோயாளி வைத்தியத்தையும் மாத்திரையையும் உள்ளே கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.

வரி கட்டுபவன்

எஸ்டிமேட் போடுவதற்கு முன் காப்பீட்டுத் தொகையைக் கேட்பீர்களா? இதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்களே!

பழைய பில் கவுண்டர்

ரிட்டயர் ஆகிவிட்டேன், அதனால்தான்.

இரவுப்பணி ஆள்

இப்போதுதான் அப்பாவின் மருந்துச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழு மருந்து. ஆறு பிராண்ட் பெயரில் இருக்கிறது. ஒன்றே ஒன்று மூலப்பெயரில். இத்தனை மாதமும் அந்த ஒன்றைத்தான் ‘இது என்ன, கேள்விப்படாத பெயராக இருக்கிறதே’ என்று பயந்து, இரண்டு கடையில் விசாரித்துவிட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம். மற்ற ஆறையும் மூலப்பெயரிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன். என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.